ஒழுங்கைக்குள் ஒரு வேகத்தடை

கொழும்பில் வீதி விபத்து என்றால் எங்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காலி வீதிதான். பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதும், மஞ்சள் கடவையில் கால் வைத்தவர்கள் நடுவழியில் நின்று தவிப்பதும் நாம் தினமும் காணும் காட்சிகள். இந்த நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துக்களில் இறக்கிறார்கள். அந்தச் செய்திகளை வாசித்துவிட்டு, பிள்ளை தனியாகக் காலி வீதிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். வீட்டு வாசலில் இருக்கும் ஒழுங்கையை நாம் வீதியாகக் கணக்கில் எடுப்பதேயில்லை. கேற்றைத் திறந்துவிட்டால் அது எங்கள் முற்றத்தின் மிச்சம் என்றே நினைக்கிறோம். அங்கே பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். அம்மாமார் மாலையில் நின்று கதைக்கிறார்கள். மரக்கறி வண்டியும் பாண் கொண்டுவரும் ஓட்டோவும் அங்கேதான் வந்து நிற்கின்றன.

அந்த ஒழுங்கையில் வாகனங்கள் எவ்வளவு வேகத்தில் போகலாம், வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டுமானால் அதைச் செய்யும் உரிமை யாருக்கு, அதற்கு யார் யாரைக் கேட்க வேண்டும் என்பவை பெண்கள் பக்கத்தில் எழுதும் அளவுக்குப் பெரிய விடயங்களா என்று சிலர் கேட்கக்கூடும். இரத்மலானையில் நான் வாழும் ஒழுங்கையில் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தபின், இது முதலில் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காபெற் வந்த பின்

இரத்மலானையை அறியாத வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து காலி வீதி வழியே தெற்கே வந்தால் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை ஆகியவற்றைக் கடந்து வருவது எங்கள் ஊர். ஒரு பக்கம் கடலும் ரயில் பாதையும். மறு பக்கம் விமான நிலையமும் தொழிற்சாலைகளும். இந்துக் கல்லூரியால் இந்தப் பெயர் தமிழர்களுக்குப் பழக்கமானது. 1983 ஜூலையில் அகதி முகாமாக இருந்த இடமென்று இதை நினைவில் வைத்திருப்பவர்களும் உண்டு. இன்று சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லோரும் கலந்து வாழும் ஊர். காலி வீதியிலிருந்து இரண்டு பக்கமும் ஒழுங்கைகள் பிரிந்து போகின்றன. பல ஒழுங்கைகளில் நடைபாதை கிடையாது. மதிலுக்கும் கானுக்கும் இடையில் பன்னிரண்டு, பதினைந்து அடி அகலம். அதற்குள்தான் எல்லோரும் போய்வர வேண்டும்.

எங்கள் ஒழுங்கை முன்பு குண்டும் குழியுமாக இருந்தது. மழை பெய்தால் குட்டை. எல்லோரும் குறைபட்டுக்கொண்டோம். பிறகு காபெற் போட்டார்கள். வீட்டுக்குள் தூசி குறைந்தது, சேறு மிதிக்காமல் பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குழிகள் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தன என்பது அவை மூடப்பட்ட பிறகுதான் தெரிந்தது. கலர் லைட் சந்தியில் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு எங்கள் ஒழுங்கை குறுக்கு வழியானது. காலையில் பாடசாலை வேன்கள், ஓட்டோக்கள், அலுவலகம் போகும் மோட்டார் சைக்கிள்கள். இரவில் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்கள். அவர்களும் பாவம், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் எண்ணுபவர்கள்.

ஒரு மாலை, ரியூஷன் முடிந்து வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வளைவுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கால் எலும்பு முறிந்து, இரண்டு மாதம் பிளாஸ்டர். உயிருக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னோம். ஆனால் அந்த இரண்டு மாதமும் பிள்ளையைத் தூக்கி, குளிப்பாட்டி, கழிப்பறைக்குக் கொண்டுபோவதற்காக அதன் தாய் தான் போய்வந்த சமையல் வேலையை விட்டார். விபத்துக் கணக்குகளில் காயமடைந்தவரின் பெயர் இருக்கும். அவரைப் பராமரிக்க வேலையை விட்ட பெண்ணின் பெயர் எந்தக் கணக்கிலும் இருக்காது.

அந்த மோட்டார் சைக்கிள் எவ்வளவு வேகத்தில் வந்தது என்பது பொலிஸார் பார்க்க வேண்டிய விடயம். எனக்கு வந்த யோசனை வேறு. எங்கள் நாட்டில் குடிமனைகள் உள்ள பகுதிகளில் கார், மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றரும் உச்ச வேக எல்லைகள். நான்கு வழிப் பாதைக்கும் பன்னிரண்டு அடி ஒழுங்கைக்கும் அதே எண்தான். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். ஓட்டுநர் பிள்ளையைக் கண்டு பிறேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்தச் செக்கன் முடிந்துவிடும். பிரித்தானியாவில் சாரதிகளுக்குக் கற்பிக்கும் கணக்கின்படி 48 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் முழுமையாக நிற்க 23 மீற்றர் தேவை. 32 கிலோமீற்றர் வேகத்தில் 12 மீற்றர் போதும். எங்கள் ஒழுங்கையில் ஒரு கேற்றுக்கும் அடுத்த கேற்றுக்கும் இடைவெளி பத்து மீற்றர்கூட வராது. சட்டத்தை மீறாமலே ஒருவர் ஒரு பிள்ளையை மோதிவிடலாம்.

இரவோடு இரவாக எழுந்த மேடு

விபத்து நடந்த வாரத்திலேயே ஒழுங்கை இளைஞர்கள் கூடினார்கள். பக்கத்தில் மாடி கட்டிய வீட்டில் மிஞ்சியிருந்த சீமெந்தையும் கல்லையும் குழைத்து, இரவோடு இரவாக வளைவுக்கு முன்னால் ஒரு மேட்டைக் கட்டிவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் முழங்கையளவு அகலத்தில் ஒரு திண்டு. எல்லோரும் பாராட்டினார்கள். பிளாஸ்டரோடு படுத்திருந்த பிள்ளையின் பாட்டி, "இப்பவாவது நிம்மதியாப் படுக்கலாம் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். அந்த இளைஞர்களின் நோக்கத்தை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். அடிபட்ட பிள்ளை அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளை.

அந்தத் திண்டுக்கு வர்ணம் இல்லை. முன்னறிவிப்புப் பலகை இல்லை. அந்த இடத்தில் மின்கம்பத்து விளக்கும் பல நாட்கள் எரிவதில்லை. இரண்டு வாரம் கழித்து, ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கணவனோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளம் பெண் அதில் தூக்கியெறியப்பட்டு விழுந்தார். தோள் எலும்பு விலகியது. முன்பற்கள் இரண்டு உடைந்தன. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர். தையல் மெஷினில் வேலை செய்பவருக்குத் தோள் போனால் சம்பளமும் போனது.

அவரைப் பார்க்கப் போனபோது, "இந்த பம்ப யாரு கட்டுனாங்க மிஸ்?" என்று கேட்டார். நான் சொன்னேன். பிள்ளைக்கு நடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பம்பு வேணாம்னு நான் சொல்லல மிஸ். அந்தப் புள்ள பாவம். கண்ணுக்குத் தெரியிற மாதிரி கட்டச் சொல்லுங்க" என்றார். இந்த விடயத்தில் நான் கேட்ட பேச்சுக்களிலேயே நியாயமான பேச்சு அதுதான்.

ஆனால் ஒழுங்கையில் பேச்சு வேறு மாதிரிப் போனது. அவர்கள் வேகமாக வந்திருப்பார்கள் என்றார் ஒருவர். கட்டியவர்களே ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். கட்டியவர்கள் எந்த இனம், விழுந்தவர் எந்த ஊர் என்று கதை திரும்பத் தொடங்கியதும் எங்கள் சிலருக்குப் பயம் வந்தது. அந்த வார முடிவில் இளைஞர்களே கூடித் திண்டை உடைத்துவிட்டார்கள். ஒழுங்கை மீண்டும் பழைய வேகத்துக்குப் போனது.

வீதி யாருடையது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்பது பெண்கள் கூடினோம். மூன்று மொழியும் கலந்த கூட்டம். "மிஸ், கவுன்சிலுக்கு எழுதினாச் சரிதானே?" என்று கேட்டார் முன்வீட்டுச் சிங்கள அக்கா. எந்தக் கவுன்சிலுக்கு, எந்த வீதியென்று எழுதுவது என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

இலங்கையில் வீதிகள் எல்லாம் ஒரே கையில் இல்லை. ஏ, பி என்று வகுக்கப்பட்ட பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பில் உள்ளன. காலி வீதி ஏ2. அடுத்த நிலையில் உள்ள சி, டி வகை வீதிகளை மாகாண மட்டத்தில் பார்க்கிறார்கள். மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்ற உள்ளூராட்சி மன்றங்களுடையவை. இரத்மலானை தெஹிவளை - கல்கிசை மாநகர சபையின் எல்லைக்குள் வருகிறது. மாநகர சபைகளின் அதிகாரங்கள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருபவை. வாகனங்கள், சாரதிகள், வேக எல்லை ஆகியவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. அதை வீதியில் நடைமுறைப்படுத்துபவர்கள் பொலிஸார். இவை தவிர, தனியார் காணியைப் பிரித்து விற்றபோது விடப்பட்ட பாதைகளும் உண்டு. அவை சபைக்குக் கையளிக்கப்பட்டிருந்தால் ஒரு நிலை. கையளிக்கப்படாவிட்டால் வேறு நிலை.

எனவே எங்கள் ஒழுங்கை சபையின் பதிவில் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டோம். இப்படிப்பட்ட கேள்விக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல துணை. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் எந்தப் பொது அலுவலகத்திலும் உள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் இந்தச் சட்டத்தைப் பத்திரிகையாளர்களுக்கானது என்று நினைத்திருந்தார்கள்.

அது 2024ஆம் ஆண்டு. 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை. வட்டார உறுப்பினரைப் பிடித்துச் சொன்னால் நடக்கும் என்ற பழக்கமான வழி அப்போது மூடியிருந்தது. ஒரு வகையில் அது நல்லதாகவும் போயிற்று. யாருக்கு வேண்டியவர் யார் என்று பார்க்காமல், கடிதத்தையும் படத்தையும் கையொப்பங்களையும் வைத்துக்கொண்டு அலுவலக வழியாகவே போக வேண்டியிருந்தது.

கையொப்பம் யாருடையது?

கடிதத்தோடு என்ன வைப்பது? நாங்கள் மூன்று காரியம் செய்தோம். ஒழுங்கையின் படத்தைக் கையால் வரைந்து, வளைவு, கான், மின்கம்பம், கேற்றுகள், பிள்ளை அடிபட்ட இடம் எல்லாவற்றையும் குறித்தோம். இரண்டாவதாக, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் ஒரு மணித்தியாலம் முறை வைத்து வாசலில் நின்று வாகனங்களை எண்ணினோம். அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு எண்ணியதுதான். பாதிக்கு மேற்பட்டவை எங்கள் ஒழுங்கையைச் சேராதவை என்பது அதில் தெரிந்தது. மூன்றாவது, கையொப்பம்.

கையொப்பத்தில்தான் பிரச்சினை வந்தது. வீட்டுக்கு ஒன்று என்று வாங்கத் தொடங்கியபோது, கதவைத் திறந்த பெண்கள் பலர், "அவர் வந்தாப்பிறகு வாங்கோ" என்றார்கள். ஒழுங்கையில் நாள் முழுக்க நடப்பவர் அவர். கையொப்பம் போடுபவர் இரவு எட்டு மணிக்கு வாகனத்தில் வருபவர். இன்னொரு சங்கடம் வாடகைக்காரர். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தன் மூன்று அனெக்ஸ்களுக்கும் சேர்த்துத் தானே கையொப்பம் போடுவதாகச் சொன்னார். அவருக்கு வேகத்தடை விருப்பமில்லை. வாடகைக்கு வருபவர்கள் சத்தத்துக்குப் பயப்படுவார்கள் என்றார். அந்த மூன்று அனெக்ஸ்களில் ஒன்றில்தான் அடிபட்ட பிள்ளையின் குடும்பம் இருந்தது. இன்னொன்றில் விழுந்த பெண்ணின் குடும்பம். அதாவது இந்த ஒழுங்கையில் வேகத்தாலும் வேகத்தடையாலும் காயப்பட்ட இரண்டு வீட்டாருக்கும் இதைப் பற்றிச் சொல்ல வாயில்லை என்று ஆகியிருக்கும்.

பிள்ளையின் தாய் தயங்கினார். "வீட்டுக்காரரோட பிரச்சினைப்பட ஏலாது மிஸ். நாளைக்கு எழும்பச் சொன்னா எங்க போறது?" அவருடைய பயம் பொய்யில்லை. நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, பட்டியலின் தலைப்பையே மாற்றினோம். "வீட்டு உரிமையாளர்கள்" என்றிருந்ததை "இந்த ஒழுங்கையில் வசிப்போர்" என்று எழுதி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வைத்தோம். வேண்டும் என்போருக்கு ஒரு நிரல், வேண்டாம் என்போருக்கு ஒரு நிரல், காரணம் எழுத இன்னொரு நிரல். வீட்டுக்காரரும் தன் பெயரில் வேண்டாம் என்று எழுதினார். அவர் எழுதிய பிறகு, அதே தாளில் அந்தத் தாயும் எழுதினார். மாற்றுக் கருத்துக்கு இடமிருந்த தாளில் தன் கருத்தை எழுதுவது அவருக்குச் சண்டையாகத் தெரியவில்லை.

ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். டொரொன்டோ நகரில் வேகத்தடை வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு வாக்கெடுப்பு வைத்து, வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. நல்ல விதிதான். ஆனாலும் வாக்களிக்கும் தாள் எந்தக் கைக்குப் போகிறது என்பது அங்கேயும் இங்கேயும் கேட்க வேண்டிய கேள்வியே.

தாய்மார் கேட்டு வந்த விதிகள்

இந்த மேடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1953இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், நோபல் பரிசு பெற்ற பௌதிக விஞ்ஞானி ஆர்தர் கொம்டன், தான் வேந்தராக இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் வாகனங்கள் வேகமாகப் போவதைத் தடுக்க வேகத்தடை மேடுகளை வடிவமைத்தார்.

அதைவிட எனக்குப் பிடித்த கதை நெதர்லாந்தினுடையது. இன்று சைக்கிளுக்குப் பெயர்போன அந்த நாட்டில் 1971இல் ஏறக்குறைய 3,300 பேர் வீதி விபத்துக்களில் இறந்தார்கள். அவர்களுள் 400க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர்கள். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் "சிறுவர் கொலையை நிறுத்து" என்ற தலைப்பில் எழுத, அதே பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. அதன் முதல் தலைவி மார்ட்டே வான் புட்டன் அப்போது ஓர் இளம் தாய். பின்னாளில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினரானவர். வீதிகளை மறித்துப் பிள்ளைகளை விளையாடவிட்டு அவர்கள் போராடினார்கள். டெல்ஃப்ட் நகரில் ஏற்கெனவே தொடங்கியிருந்த முயற்சி ஒன்றும் கைகொடுத்தது. குடியிருப்புத் தெருவில் நடப்பவருக்கே முதலிடம், வாகனம் நடை வேகத்தில்தான் வர வேண்டும் என்ற அந்த முறை 1976இல் சட்டமானது.

சமூகவியல் படித்த காலத்தில் டொனால்ட் அப்பிள்யார்ட் செய்த ஆய்வு எனக்கு அறிமுகமானது. சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை அவர் ஒப்பிட்டார். ஒரு நாளைக்கு 2,000 வாகனங்கள் போகும் தெருவில் வாழ்பவருக்கு அதே தெருவில் சராசரி மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வாகனங்கள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. அப்பிள்யார்ட் 1982இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார் என்பது வேதனையான செய்தி. எங்கள் ஒழுங்கையிலும் காபெற் வந்த பிறகு மாலைக் கூட்டம் குறைந்ததையும், வயதானவர்கள் கேற்றுக்கு உள்ளேயே கதிரை போடத் தொடங்கியதையும் நான் கண்டேன்.

மேட்டுக்கும் அளவுண்டு

எங்கள் மனு போய்ச் சில மாதங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்தார். அவர் கேட்டவை எல்லாம் நாங்கள் யோசித்திருக்க வேண்டியவையே. மேட்டுக்குப் பக்கத்து வீட்டாருக்குச் சம்மதமா? பாரமான வாகனம் ஏறி இறங்கும்போது பழைய மதிலில் அதிர்வு வராதா? யாருடைய கேற்றையாவது மறிக்குமா? அம்புலன்ஸ் வருமா? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? கடைசிக் கேள்வி முக்கியமானது. இரத்மலானை தாழ்ந்த சமதரை. வெரஸ் கங்கைப் பக்கம் வடிய வேண்டிய வெள்ளம் கொஞ்சம் தடைப்பட்டாலும் வீட்டுக்குள் வந்துவிடும். கானோரம் இடைவெளி விடாமல் கட்டிய மேடு மழைக்காலத்தில் அணைக்கட்டாகிவிடும்.

எதிர்த்தவர்களின் பேச்சையும் அவர் கேட்டார். முள்ளந்தண்டு நோயோடு வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாரத்துக்கு இருமுறை சிகிச்சைக்குப் போகும்போது ஒவ்வொரு குலுக்கலும் தனக்கு உயிர்போகும் வலி என்றார். கர்ப்பிணிகளுக்கும் அதே கஷ்டம் உண்டு. ஓட்டோ ஓட்டும் அண்ணா ஒருவர், "மெதுவாப் போறவனுக்கும் தண்டனை, வேகமாப் போறவனுக்கும் தண்டனையா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் மேட்டின் வடிவத்தில் இருக்கிறது. குறுகலான திண்டில் மெதுவாக ஏறினால் இடுப்பு முறியும். வேகமாகப் போனால் சில்லு அதைத் தாண்டிக் குதித்துவிடும். பிரித்தானிய ஆய்வுகூடம் 1970களில் சோதித்துக் கண்ட வடிவம் அகலமான மெல்லிய வளைவு: வாகனம் போகும் திசையில் 3.7 மீற்றர், அதாவது பன்னிரண்டு அடி நீளம்; நடுவில் 10 சென்ரிமீற்றர் உயரம். தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். இந்திய வீதிக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இதே அளவுதான். அது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்துக்கானது. அந்த வேகத்தில் போகிறவருக்குப் பெரிய குலுக்கல் இல்லை. அளவில்லாமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்தியாவே உதாரணம். தேசிய நெடுஞ்சாலைகளில் கண்டபடி கட்டப்பட்டிருந்த வேகத்தடைகளை அகற்றும்படி 2016இல் மத்திய அமைச்சு பணிக்க நேர்ந்தது. பிரித்தானிய விதிகளில் மேட்டின் உயரம் 25 முதல் 100 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கட்டுவதற்கு முன் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் சேவைகளைக் கலந்தாலோசித்து, அந்தத் தெருவிலேயே அறிவித்தல் ஒட்ட வேண்டும்.

2025இல் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வேகத்தடை வந்தது. நாங்கள் கேட்டது மூன்று. வளைவுக்குப் பக்கத்தில் கட்டினால் திரும்பி வருபவருக்குத் தெரியாது என்று இரண்டாவதை மறுத்தார்கள். ஆசிரியரின் வீட்டுக்கு அந்தப் பக்கம் வரவிருந்த மூன்றாவதை நாங்களே கைவிட்டோம்; இப்போது அவர் காலி வீதிக்குப் போகும் வழியில் ஒரு மேடும் இல்லை. வந்த ஒன்று அகலமானது, கானோரம் இடைவெளி விட்டது, மஞ்சள் கோடு போட்டது. முன்னால் பலகை இருக்கிறது. மின்கம்பத்து விளக்குக்கும் தனியே எழுதினோம், எரிகிறது. தோள் குணமான அந்தப் பெண் முதல் நாள் இரவு வேலை முடிந்து வந்தபோது கணவனை நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்து மேட்டைக் கடந்தாராம். மறுநாள் என்னிடம் சொன்னார்: "நல்லா தெரியுது மிஸ்."

வேகம் முழுதாகக் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேட்டைத் தாண்டியதும் முறுக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் வர்ணம் மங்கத் தொடங்கிவிட்டது; அதற்கும் யாராவது எழுத வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, உங்கள் ஒழுங்கையிலும் இந்தக் கவலை இருக்கலாம். முதலில் வீதி யாருக்குச் சொந்தம் என்று கேட்டு அறியுங்கள். காலி வீதி போன்ற பெரிய வீதிக்கு மாநகர சபையிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. படம் வரையுங்கள், வாகனங்களை எண்ணுங்கள். சபைக்குக் கொடுக்கும் மனுவின் பிரதியைப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். ஒப்படைத்த திகதியோடு ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் சீமெந்து குழைக்க வேண்டாம். பழைய டயரும் தென்னங்குற்றியும் வேண்டாம். அவை இரவில் யாரோ ஒரு தொழிலாளியை விழுத்தும்.

வாடகைக்கு இருப்பவர்களைக் கேளுங்கள். அறைகளில் தங்கி வேலைக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். எங்கள் பகுதியில் மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் வாகனத்தின் சத்தத்தைக் கேட்டே வீதியில் நடக்கிறார்கள். சத்தமே இல்லாத மின்சார வாகனங்கள் ஒழுங்கைக்குள் வரத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் அவர்களிடமும் கேட்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2018 தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. உங்கள் வட்டாரத்தில் ஒரு பெண் உறுப்பினர் இருந்தால் அவரிடம் இதைக் கொண்டுபோங்கள். மக்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் உலக நாடுகள் பிரகடனம் செய்தன. அந்த எண் எங்கள் ஒழுங்கைகளுக்கும் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பிளாஸ்டர் வெட்டிய அந்தப் பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. தாய் மீண்டும் சமையல் வேலைக்குப் போகிறார். அடுத்த மனு, ரியூஷன் விடும் நேரத்தில் ஒழுங்கை வாயிலில் பாடசாலை வேன்கள் இரண்டு பக்கமும் நிற்பதைப் பற்றியது. அதை எழுதுவது அந்தத் தாய்தான்.